பன்னிரண்டாவது நிமிடத்துப் பிழை

அத்தியாயம் 14

கணவர் விஜிதரன் வேலையை விட்டுவிட்ட செய்தியைச் சர்மிளாவுக்கு அவர் சொல்லவில்லை. பாடசாலை அதிபரின் மேசையில் கிடந்த ஒரு கடிதம் சொன்னது. அது போன வாரம்.

மூன்று வருடங்களுக்கு முன் சம்பளமில்லாத விடுமுறை எடுத்துக்கொண்டு மாலைதீவுக்குக் கணிதம் கற்பிக்கப் போனவர் அவர். முதல் வருடம் தினமும் பேசினார். இரண்டாம் வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பேசினார். கடைசியாகப் பேசி ஐந்து மாதமாகிறது. விடுமுறை முடிந்தால் வந்துவிடுவார் என்று வீடு காத்திருந்தது. மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலை மலை நடுவில் அவர் கற்பித்த பாடசாலையும் காத்திருந்தது. இனி இரண்டும் காத்திருக்க வேண்டியதில்லை என்று அந்தக் கடிதம் சொல்லிவிட்டது.

அதே பாடசாலையில்தான் சர்மிளா தமிழ் ஆசிரியை. மகள் நிலக்ஷி அங்கே தரம் பதினொன்றில் படிக்கிறாள். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் பதினொரு வாரம்தான். கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை. கணிதத்தில் சித்தியடையாவிட்டால் உயர்தரத்துக்கு வழியில்லை. அதன்பிறகு அந்த வகுப்பில் பாதிப் பேருக்குக் கொழும்பில் கடை வேலை, மீதிப் பேருக்குத் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டு.

நேற்றுப் பின்னேரம் அதிபர் கந்தப்பன் சர்மிளாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நேரே விஷயத்துக்கு வர அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"கொரோனா நேரத்துல சேர் வீட்டுலயிருந்து பாடம் எடுத்து வீடியோ போட்டாரே டீச்சர், அதெல்லாம் இருக்கா?"

"இருக்கு சேர். அம்பத்திரண்டு பாடம்."

"கிளாஸ்ல போட்டுக் காட்டலாமான்னு யோசிச்சேன். உங்களுக்கு சங்கடமா இருந்தா வேணாம்."

சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள் இருந்தார்கள். "போடலாம் சேர்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து வந்தாள்.

இன்று செவ்வாய்க்கிழமை.

காலையில் ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி சர்மிளா விஷயத்தைச் சொன்னாள். நிலக்ஷி ரிப்பன் கட்டுவதை நிறுத்திவிட்டுத் தாயைப் பார்த்தாள்.

"நா அந்த பீரியட் லைப்ரரிக்குப் போயிடுறேன்."

"லைப்ரரி பூட்டியிருக்கு."

"அப்ப வெளிய நிக்கிறேன்."

"மழ வரும்."

நிலக்ஷி மற்ற ஜடையை எடுத்துப் பின்னத் தொடங்கினாள். "அவரு வரமாட்டாராம். அவரு வீடியோ மட்டும் வரணுமாக்கும்."

"அது ஒனக்காகப் போடுறதில்ல. முப்பத்தொரு பேருக்குப் போடுறது."

"முப்பத்தொன்னுல நானும் ஒருத்திதானே?"

"ஆமா" என்றாள் சர்மிளா. "நீயும் ஒருத்திதான்."

ரொட்டி ஒரு பக்கம் கருகிவிட்டது. கருகியதைச் சர்மிளா தன் தட்டில் வைத்துக்கொண்டாள்.

ஏழு மணிக்கு ஜீவராஜின் ஆட்டோ வந்து நின்றது. விஜிதரனின் தம்பி அவன். மஸ்கெலியா பஸாரில் கைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறான். பழைய மடிக்கணினியிலிருந்து பாடங்களையெல்லாம் ஒரு பென்டிரைவில் மாற்றி எடுத்து வந்திருந்தான். கூடவே ஒரு ஸ்பீக்கரும், வயர்ச் சுருள் ஒன்றும்.

"ஸ்கூல் மல்டிமீடியா வேல செய்யுதா அண்ணி?"

"வாணி விழாவுக்குப் போட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் தொடல."

பழைய மாணவர்கள் வாங்கிக் கொடுத்த புரொஜெக்டர் அது. ஊரில் எல்லோருக்கும் அது மல்டிமீடியாதான். விழா நாட்களில் மட்டும் அலுமாரியிலிருந்து வெளியே வரும்.

ஆட்டோ வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தது. கீழே நீர்த்தேக்கத்தின் மேல் மூட்டம் படுத்திருந்தது. சர்மிளா முன்னால் இருந்தவனின் முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

"தம்பி, உங்க அண்ணன் உங்ககிட்ட பேசுறாரா?"

ஜீவராஜ் அடுத்த வளைவை எடுத்து முடித்தான்.

"பேசுவாரு. ஞாயித்துக்கெழமைல."

"எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே அண்ணி."

அது உண்மைதான். அவள் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வந்துவிடும் என்ற பயத்தில் கேட்காமல் விட்டிருந்தாள்.

"எங்களப் பத்தி ஏதும் கேப்பாரா?"

"நிலக்ஷி மார்க்ஸ் கேப்பாரு. தவணைக்கு தவணை அனுப்பச் சொல்லுவாரு. அனுப்புவேன்."

நிலக்ஷி பக்கவாட்டில் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள்.

கணிதம் மூன்றாம் பாடவேளை. ஜன்னல்களில் கார்ட்போர்ட் மட்டைகள் வைத்து மறைத்தார்கள். வெளியே மூட்டமும் இறங்கிவிட்டதால் இருட்டுக்குக் குறைவில்லை. கரும்பலகையின் ஒரு பாதியில் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை ஆணியில் மாட்டினான் ஜீவராஜ். படம் வருவதைப் பார்த்துவிட்டுக் கடைக்குத் திரும்பிவிட்டான்.

போன வருடமும் இப்படி ஒரு முயற்சி நடந்ததுண்டு. எங்கோ யாரோ பதிவு செய்த பாடங்களைப் போட்டார்கள். பேசியவர் வேகமாகப் பேசினார். அவருடைய தமிழும் பிள்ளைகளுக்குப் பழகவில்லை. வகுப்பில் இருந்த ஆசிரியர் படத்தை ஓட விட்டுவிட்டுக் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். மூன்றாம் வாரம் அது நின்றுபோனது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

விரிப்பில் விஜிதரன் தோன்றினார். நீலச் சட்டை. பின்னால் அவர்கள் வீட்டுச் சமையலறைச் சுவர். தட்டுகள் அடுக்கும் பலகை இருந்த இடத்தில் ஆணியடித்த ஒரு சிறு கரும்பலகை. படம் ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல ஏறி இறங்கியது. ஸ்டாண்ட் இல்லாததால் சர்மிளாதான் அன்று கைபேசியைப் பிடித்திருந்தாள். ஏறி இறங்கியது அவளுடைய மூச்சு.

"வணக்கம் பிள்ளைகளே. இன்னிக்கு நாம இருபடிச் சமன்பாட்ட வர்க்கப்பூர்த்தி செஞ்சு தீர்க்கப் போறோம்."

கடைசி வாங்கில், ஜன்னலோரமாக நிலக்ஷி இருந்தாள். வெளியே போயிருக்கவில்லை. கொப்பியைத் திறந்திருந்தாள், பேனா மூடியிருந்தது.

ஏழு நிமிடம் படம் ஓடியது. வகுப்பில் ஒரு சத்தமில்லை. முகங்களெல்லாம் விரிப்பின் வெளிச்சத்தில் இருந்தன. சர்மிளா ஒருகணம் சந்தோஷப்பட்டாள். பிறகு கொப்பிகளைப் பார்த்தாள். ஒருவரும் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. படம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் படத்தை நிறுத்தினாள்.

"சேர் இப்ப என்ன செஞ்சாரு? யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க."

முன் வாங்கில் இரண்டு பேர் குனிந்துகொண்டார்கள்.

"இஷ்ரா?"

இஷ்ரா எழுந்து நின்றாள். "ஏதோ ஒண்ண வர்க்கமாக்குனாரு டீச்சர்."

வகுப்பு சிரித்தது. இஷ்ராவும் சிரித்தாள்.

சர்மிளாவுக்குக் கணிதம் சாதாரண தரத்தோடு சரி. ஆனால் ஒரு செய்யுளை எப்படிப் பிரிப்பது என்று அவளுக்குத் தெரியும். முழுப் பாட்டையும் ஒருமுறை ஓதிவிட்டுப் 'புரிந்ததா' என்று கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் புரிந்திருக்காது. ஓர் அடியைச் சொல்லி, நிறுத்தி, சொல்லைப் பிரித்து, பிறகுதான் அடுத்த அடிக்குப் போகவேண்டும். அவள் படத்தை ஆரம்பத்துக்குக் கொண்டுபோனாள். ஒரு வரி ஓட விட்டாள். நிறுத்தினாள். எழுதச் சொன்னாள். அந்த வரி எப்படி வந்தது என்று ஒரு பிள்ளையைக் கேட்டாள். அந்தப் பிள்ளை சொல்லாவிட்டால் அதே வரியை மறுபடி ஓட விட்டாள்.

முதல் கணக்கு முடிய இருபது நிமிடம் ஆனது. ஆனால் முடிந்தபோது முப்பது கொப்பிகளில் அது இருந்தது.

"ரெண்டாவது கணக்க சேர் வாசிப்பாரு. அதோட நிறுத்துவேன். நீங்க செய்யுங்க. அப்புறமா சேர் செய்யிறதப் பாப்போம்."

எக்ஸ் வர்க்கம், கழித்தல் ஆறு எக்ஸ், கூட்டல் நான்கு, சமன் பூச்சியம். பிள்ளைகள் குனிந்தார்கள். சர்மிளா வாங்குகளுக்கிடையே நடந்தாள். எது சரி எது பிழை என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் யார் எழுதுகிறார்கள், யார் பேனாவைக் கடிக்கிறார்கள் என்பது தெரிந்தது. கடைசி வாங்கில் மூடியிருந்த பேனா இப்போது திறந்திருந்தது.

மறுபடி படம் ஓடியது. விஜிதரன் முதல் வரியை எழுதினார். அப்போது, படத்துக்கு வெளியிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"போர்ட் பூரா நீங்கதான் தெரியிறீங்க. கொஞ்சம் தள்ளுங்க."

விஜிதரன் திரும்பினார். கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார். "தள்ளிட்டேன் மெடம். இப்ப பரவாயில்லையா?"

பெண் சிரித்தாள். அடக்க முயன்று முடியாமல் வந்த சிரிப்பு. படம் குலுங்கியது. விஜிதரனும் சிரித்துக்கொண்டே திரும்பி அடுத்த வரியை எழுதினார்.

"டீச்சர், அது நீங்க!" என்றான் முன் வாங்கில் இருந்த சப்ராஸ். வகுப்பு முழுவதும் சிரித்தது.

"ஆமா, நாந்தான்" என்றாள் சர்மிளா.

அப்படி ஒன்று அதில் இருப்பதை அவள் மறந்தே போயிருந்தாள். தன் குரல்தானா என்று அவளுக்கே ஒருகணம் சந்தேகம் வந்தது. கை மடிக்கணினியின் மேலேயே இருந்தது. அழுத்தினால் நின்றுவிடும். அவள் அழுத்தவில்லை.

விஜிதரன் கணக்கை முடித்தார். மூன்று, கூட்டல் அல்லது கழித்தல், வர்க்கமூலம் பதின்மூன்று.

சர்மிளா நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். வகுப்பில் அழிறப்பர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"என்ன அழிக்கிற?"

"எனக்கு வர்க்கமூலம் அஞ்சு வந்திச்சி டீச்சர்" என்றான் சப்ராஸ். "நாந்தான் பிழ."

அவனுக்குப் பக்கத்தில் இருந்தவனும் ஐந்தை அழித்துக்கொண்டிருந்தான். இஷ்ராவும் அதையே அழித்தாள். ஐந்து, ஐந்து, ஐந்து. ஏழெட்டுப் பேருக்கு ஒரே விடை. ஏழெட்டுப் பேரும் ஒரே மாதிரிப் பிழை விட்டிருக்கலாம். இல்லாவிட்டால்? சர்மிளாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. விரிப்பில் உறைந்து நின்ற மனிதரிடம் கேட்கவும் முடியாது.

"யாரும் அழிக்காதீங்க. பொறுங்க."

கடைசி வாங்கைப் பார்த்தாள். அங்கே அழிறப்பர் பெட்டிக்குள் இருந்தது.

"நிலக்ஷி, ஒனக்கு என்ன வந்திச்சி?"

"அஞ்சு."

"சேருக்குப் பதின்மூணு வந்திருக்கே."

"சேர் பிழ விட்டிருக்காரு."

முப்பது தலைகளும் கடைசி வாங்கின் பக்கம் திரும்பின. அவள் யாருடைய மகள் என்று எல்லோருக்கும் தெரியும். கடிதம் வந்ததும் தெரியும். அந்த மலையில் அப்படிப்பட்ட செய்தி பஸ்ஸுக்கு முன்னால் வந்துவிடும்.

"வந்து காட்டு" என்றாள் சர்மிளா.

நிலக்ஷி எழுந்து வந்தாள். விரிப்புக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்த பாதிக் கரும்பலகையில் நின்றாள். புரொஜெக்டரின் வெளிச்சத்தில் அவளது வெள்ளைச் சீருடைத் தோளில் தகப்பனின் நீலச் சட்டை விழுந்தது. அவள் ஓர் அடி விலகி நின்றுகொண்டாள்.

"பின்னால போங்க டீச்சர். பன்னெண்டாவது நிமிஷம்."

மறுபடி அந்தக் குரல். மறுபடி அந்தக் கும்பிடு. மறுபடி அந்தச் சிரிப்பு. இந்த முறை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

"நிறுத்துங்க. இந்தா, இங்க." நிலக்ஷி சாக்கட்டியால் விரிப்பைத் தொட்டுக் காட்டினாள். "நாலு அந்தப் பக்கம் போறப்போ கழித்தல் நாலாப் போகணும். சேர் திரும்பிப் பேசிட்டு வந்து எழுதுறாரு. கழித்தல் போட மறந்துட்டாரு. அதோட ஒம்பது கூட்டுறதால பதின்மூணு வருது. கழித்தல் போட்டா அஞ்சு."

"நிச்சயமா எப்படி சொல்ற?"

"விடையத் திருப்பிக் கணக்குல போட்டுப் பாக்கணும் டீச்சர்."

அவள் போட்டுக் காட்டினாள். ஐந்தை வைத்துப் போட்டபோது வர்க்கமூலங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, கடைசியில் பூச்சியம் நின்றது. பதின்மூன்றை வைத்துப் போட்டாள். அங்கே எட்டு நின்றது.

"எட்டு வருது. பூச்சியம் வரணும்."

சாக்கட்டியை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். சப்ராஸ் அழித்த இடத்தில் மறுபடி ஐந்து என்று எழுதினான். தாள் அந்த இடத்தில் நைந்துபோயிருந்தது.

சர்மிளா விரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று அவள் சிரிக்காமல் இருந்திருந்தால் அந்தக் கழித்தல் குறி அதன் இடத்தில் இருந்திருக்கும். மணி அடித்தது.

இடைவேளையில் அதிபர் வந்தார். வகுப்பு வாசலில் கடைசிப் பத்து நிமிடமும் அவர் நின்றிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"வாரத்துக்கு நாலு நாள் போடலாம் டீச்சர். இப்படி நிறுத்தி நிறுத்திப் போட்டா புள்ளைங்க புடிச்சிக்குவாங்க." பிறகு குரலைத் தணித்தார். "ஆனா இன்னும் அம்பத்தொரு பாடம் இருக்கு. அதுகள்லயும் பிழ இருந்தா?"

"புள்ளைங்க கண்டுபிடிப்பாங்க சேர்."

"எல்லாத்தையுமா?"

இன்று நிலக்ஷி இருந்தாள். நிலக்ஷிக்கும் தெரியாத பாடம் ஒன்று வரும். அன்று முப்பத்தொரு பேரும் சரியானதை அழித்துவிட்டுப் பிழையைப் பார்த்து எழுதுவார்கள். அதையே பரீட்சையிலும் எழுதுவார்கள்.

பாடசாலை விட்டு இருவரும் குறுக்குப் பாதையில் இறங்கினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரே குடை. பாதி வழியில் நிலக்ஷிதான் பேச்சை எடுத்தாள்.

"அந்தப் பாடம் யூடியூப்ல அவரு சேனல்லயும் இருக்கும்மா. நாப்பத்தோராயிரம் பேரு பாத்திருக்காங்க."

"அவ்வளவா?"

"கீழ ஒருத்தர் கேட்டிருக்காங்க, எனக்கு வேற விடை வருதே சேர்ன்னு. ரெண்டு வருஷமாச்சு. பதிலே இல்ல." சிறிது தூரம் நடந்தாள். "அவங்களும் அழிச்சிருப்பாங்க."

"இப்ப என்ன செய்யலாம்ங்கிற?"

"சொல்லணும். அவருதானே திருத்தணும். நாம திருத்த முடியாதே."

சர்மிளா கைபேசியை எடுத்து நீட்டினாள். பாடசாலையின் யூடியூப் கணக்கு அதில் இருந்தது. "எழுது."

கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்று நிலக்ஷி எழுதினாள். 'மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, பன்னிரண்டாவது நிமிடத்தில் நான்கை மறுபக்கம் கொண்டு செல்லும்போது கழித்தல் குறி விடுபட்டுள்ளது. சரியான விடையில் வர்க்கமூலம் ஐந்து வரவேண்டும். தயவுசெய்து திறுத்தவும். தரம் 11 மாணவர்கள், மஸ்கெலியா.'

தாயிடம் காட்டினாள். சர்மிளா வாசித்தாள். 'திறுத்தவும்' என்று இருந்ததைத் 'திருத்தவும்' ஆக்கினாள். வேறு எதையும் தொடவில்லை. நிலக்ஷி அனுப்பினாள்.

ஐந்தரை மணிக்குக் கைபேசி ஒருமுறை ஒலித்தது. சர்மிளா அடுப்படியில் இருந்தாள். நிலக்ஷி எடுத்துப் பார்த்துவிட்டு உரக்க வாசித்தாள்.

"பிழை என்னுடையதுதான். நன்றி. கண்டுபிடித்த பிள்ளையின் பெயர் என்ன?"

பருப்புக் கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. சர்மிளா மூடியைத் தூக்கினாள்.

"சொல்லவாம்மா?"

"அது ஒன் இஷ்டம்."

நிலக்ஷி கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு தன் பெயரை எழுதினாள். பெயர் மட்டும்தான். முன்னெழுத்துப் போடவில்லை. அனுப்பிவிட்டு, மேசையில் கொப்பியை விரித்து அடுத்த கணக்கைத் தொடங்கினாள்.

பதில் வரவில்லை. பத்து நிமிடம் போனது. கால் மணியானது. நிலக்ஷி ஒரே வரியை மூன்றாம் முறை எழுதுவதைச் சர்மிளா கவனித்தாள்.

பிறகு கைபேசி நீளமாக அடித்தது. ஜீவராஜ்.

"அண்ணி, அண்ணன் இப்பதான் எனக்கு எடுத்தாரு. சரியாப் பேசவே முடியல அவரால. நிலக்ஷிகிட்ட பேசலாமான்னு கேட்டுச் சொல்லச் சொன்னாரு."

தன்னிடம் பேசவேண்டும் என்று கேட்டாரா என்று சர்மிளா கேட்கவில்லை. கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு, கொப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள். "அவ இங்கதான் இருக்கா. அவகிட்டயே கேளுங்க."

நிலக்ஷி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"பேசலாம் சித்தப்பா. ஆனா போன்ல வேணாம்."

"அப்ப எப்படி?"

"நாளைக்கு எட்டு மணிக்கு எங்களுக்குக் கணிதம். ஸ்கிரீன்ல வரச் சொல்லுங்க. வீடியோ இல்ல, லைவ்வா. முப்பத்தொரு பேரும் இருப்போம். அந்தப் பிழைய அவரே எங்க முன்னால திருத்தட்டும். மத்ததெல்லாம் அப்புறம் கேக்குறோம்."

"அவருக்கு அங்க ஸ்கூல் இருக்கே புள்ள?"

"இங்கயும் இருக்கு சித்தப்பா."

"கடையிலயிருந்து ரவுட்டரக் கொண்டாந்து தாறேன். அது பெரிய விஷயமில்ல. ஆனா அண்ணன் ஒத்துக்குவாரான்னு எனக்குத் தெரியல. அண்ணி, நீங்க என்ன சொல்றீங்க?"

நிலக்ஷி தாயை நிமிர்ந்து பார்த்தாள். சர்மிளா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேசையருகே நின்றாள்.

"எட்டு மணின்னு சொல்லுங்க தம்பி. அங்க அப்ப ஏழரை" என்றாள். "மணி அடிச்சதும் நா பாடத்தத் தொடங்கிடுவேன். அவரு வந்தாலும் சரி, வராட்டியும் சரி."